வளையல் அளவில் ஒரு கைப்பிடி

என் மகள் பாலாமணியைப் பள்ளிக்கூடத்திலிருந்து நிறுத்திவிடுவது என்று நான் முடிவு செய்தது 1964ஆம் வருஷம், மாசித் தேர் முடிந்த மறுவாரம். எங்களுக்கு அவள் ஒரே பிள்ளை. பத்தாம் வகுப்பில் இருந்தாள், மார்கழியில் சோதனை எழுத வேண்டும். நான் மாத்தளை டவுனில் தச்சு வேலை செய்கிறவன். கைவேலைக்காரனை எங்கள் ஊரில் பாஸ் என்பார்கள், அழகுமுத்து பாஸ் என்று கேட்டால் கோயிலடியிலிருந்து ரயில் ஸ்டேஷன் வரைக்கும் யாரும் வழிகாட்டுவார்கள். எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும் என்பதையும் சேர்த்தே சொல்லி அனுப்புவார்கள். ஒன்றை முடிவு செய்தால் மாற்ற மாட்டேன். அப்படிப்பட்ட என் முடிவை மாற்றியவர், அலமாரிக்குக் கைப்பிடி விற்ற ஒரு மனிதர். அவர் பெயர் புஹாரி. முஸ்லிம்கள் அண்ணனை நானா என்பார்கள், ஊருக்கே அவர் புஹாரி நானா.

புஹாரி நானாவின் இரும்புக்கடை பெரிய தெருவில் இரண்டு கதவு அகலம். ஆணி பெட்டியில் இருக்கும், கதவைச் சட்டத்தோடு மாட்டுகிற பிணைச்சல் சாக்கில் இருக்கும், கைப்பிடியும் குமிழும் மட்டும் பிஸ்கட் டின்களில் துணி போட்டு வைக்கப்பட்டிருக்கும். வெள்ளைத் தொப்பி, அகலமான இடுப்பு வார், காதில் ஒரு சிவப்புப் பென்சில். நாட்டுக்குள் வெளிச் சாமான் வருவது குறைந்துபோன காலம் அது. கிடைத்ததை வாங்கிக்கொண்டு போ என்றுதான் மற்றக் கடைக்காரர்கள் சொல்வார்கள். இந்த மனிதர் மட்டும் கைப்பிடி வாங்க வந்தவனிடம் கல்யாணப் பொருத்தம் பார்ப்பதுபோல் கேள்வி கேட்பார். என்ன மரம், கதவு எத்தனை அடி, மேல் தட்டா கீழ் தட்டா, திறக்கிறது யார், ஈரக் கையோடு திறப்பாரா, இடுப்பில் பிள்ளை இருக்குமா. வெளியே எனக்கு மாட்டு வண்டி காத்துக்கொண்டு நிற்கும். பதினொரு வருஷம் இதற்காக அவரோடு சண்டை போட்டிருக்கிறேன். ஒரு தடவைகூட ஜெயித்ததில்லை.

எங்கள் தொழிலில் கைப்பிடிக்கு ஒரு கணக்கு உண்டு. லாச்சியின் முகப்பு எவ்வளவு அகலமோ அதில் மூன்றில் ஒரு பங்கு கைப்பிடி. அலமாரியில் இழுக்கிற பெட்டியைத்தான் நாங்கள் லாச்சி என்போம். அந்தக் கணக்குப்படி வைத்தால் கண்ணுக்கு எடுப்பாக இருக்கும். புஹாரி நானா இதைக் காதில் போட்டுக்கொள்ளவே மாட்டார். கதவுக்கு ஏற்ற பிடி வேறு, கைக்கு ஏற்ற பிடி வேறு என்பார். கதவா வந்து சோறாக்கப் போகிறது என்று கேட்பார். எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

இந்தப் பைத்தியம் அவருக்கு எப்படிப் பிடித்தது என்று ஒருநாள் அவரே சொன்னார். கடை போட்ட முதல் வருஷம் தன் வீட்டில் சமைக்கிற குசினிக்குப் புது அலமாரி செய்வித்து, கடையிலேயே விலை கூடிய பித்தளைக் குமிழ்களைப் பொருத்தியிருக்கிறார். பொத்தான் போல் சின்னச் சின்னக் குமிழ்கள். ஒரு வாரம் கழித்துப் பார்த்தால் ஒவ்வொரு குமிழிலும் ஒரு துணி தொங்குகிறது. அவர் மனைவி ஹமீமா இவர் உடுத்திக் கழித்த சாரத்தைக் கிழித்துக் கட்டியிருந்தார். மீன் அறுத்த கையால் பிடித்தால் குமிழ் வழுக்குகிறது, அதனால் துணியைப் பிடித்து இழுக்கிறாராம். ஏன் சொல்லவில்லை என்று கேட்டதற்கு, ஆசையாகக் கொண்டு வந்து பூட்டினீர்கள், எப்படிச் சொல்வது என்றாராம்.

“கைப்பிடி விக்கிறவன்ட குசினியில கந்தல் தொங்கிச்சு பாஸ்” என்று சொல்லிவிட்டு, தன் நெற்றியில் தானே ஒரு தட்டுத் தட்டிக்கொண்டார்.

அன்றைக்குத்தான் அவருக்கு ஒன்று விளங்கியிருக்கிறது. இந்த ஊரில் கைப்பிடியை வாங்குகிறவர்கள் ஒரு கூட்டம், அதைப் பிடித்து இழுக்கிறவர்கள் வேறு கூட்டம். முஸ்லிம் வீட்டுப் பெண்கள் இரும்புக்கடைப் படி ஏற மாட்டார்கள். எங்கள் பெண்களும் அப்படித்தான், புடவைக் கடைக்கும் கோயிலுக்கும் போவார்களே தவிர ஆணி விற்கிற இடத்துக்கு வர மாட்டார்கள். புருஷன் தன் கைக்குப் பார்த்து வாங்கிக்கொண்டு போவான், அல்லது என்னைப் போன்ற தச்சன் கண்ணுக்குப் பார்த்து வாங்குவான். கடைக்கு வராத கையை எப்படி அளப்பது என்று யோசித்தவருக்கு வளையல் நினைவு வந்திருக்கிறது. கையைக் குவித்தால் எந்த இடம் அகலமோ அந்த இடத்தைத் தாண்டித்தானே வளையல் ஏற வேண்டும். ஆகவே வீட்டுக்காரியின் வளையல் ஒன்றைக் கொண்டுவரச் சொல்வார். மேசையில் வைத்து உள்ளகலத்தைப் பார்ப்பார், ஓர் அங்குலம் கூட்டுவார். கைப்பிடியின் ஒரு திருகாணிக்கும் மற்றத் திருகாணிக்கும் இடையில் அவ்வளவு இருக்க வேண்டும். பிடிக்கும் மரத்துக்கும் நடுவில் விரல் மடங்குகிற அளவு இடைவெளி. இதுதான் அவர் சூத்திரம்.

பெண்டாட்டி வளையலைக் கொண்டு வா என்று ஒரு கடைக்காரர் சொன்னால் ஊர் சும்மா இருக்குமா? கொக்கோ வியாபாரி ஜுனைதீன் ஹாஜியார் கடைக்குள்ளேயே குதித்தார். என் வீட்டுப் பெண்பிள்ளையின் கையைப் பற்றி உனக்கு என்ன பேச்சு என்று தெரு கேட்கக் கத்தினார். வளையல் வராமல் புஹாரி நானா கைப்பிடியைக் கொடுக்கவில்லை. மறுநாள் ஹாஜியாரின் மைத்துனர் வந்து கைக்குட்டையில் முடிந்த ஒரு வளையலை மேசையில் வைத்தார். வீட்டுக்காரியே கொடுத்து அனுப்பியிருந்தார்.

விற்றதோடு விட்டுவிடவும் மாட்டார். ஒரு மாதம் கழித்து வாங்கியவனை வழியில் கண்டால், சுகம் விசாரிப்பதற்கு முன்னால் கேட்பார், பிடியில் துணி கட்டியிருக்கிறதா என்று. கட்டியிருந்தால் கழற்றிக் கொண்டுவரச் சொல்லி, வேறு கொடுப்பார்.

இனி என் வீட்டுக் கதைக்கு வருகிறேன். என் மனைவி மங்களேஸ்வரி வேலையில் சுறுசுறுப்பானவள். ஆனால் அந்த ஒரு வருஷமாக எல்லாம் தலைகீழாக இருந்தது. சோறு நேரத்துக்கு வருவதில்லை. கோப்பை கை தவறி விழுகிறது. அரைத்து வைக்கச் சொன்ன மிளகாய் அரையாமல் கிடக்கிறது. கேட்டால் மறந்துவிட்டேன் என்பாள். சோம்பல் என்று நினைத்தேன். தேர்த் திருவிழாவுக்குச் சொந்தக்காரர்கள் வந்து இலை போட்டு உட்கார்ந்திருக்க, ரசச் சட்டி அவள் கையிலிருந்து நழுவி நடுவீட்டில் உடைந்தது. எனக்கு மானம் போயிற்று. மறுவாரம் அவர்கள் போனதும், பாலாமணி பள்ளிக்கூடத்துக்குப் போயிருந்த நேரம், பேய் மாதிரிக் கத்தினேன். இனி உனக்குத் தனியாக முடியாது, பாலாமணி படித்தது போதும், அடுப்படியில் நிற்கட்டும் என்றேன்.

மங்களேஸ்வரி அழவில்லை. நம் குசினியில் ஓர் அலமாரி கிடையாது, எல்லாம் தரையிலும் பரண் மேலும் இருக்கின்றன, குனிந்து நிமிர்வதில்தான் நேரம் போகிறது என்றாள். உண்மைதான். ஊருக்கெல்லாம் அலமாரி செய்தவன் வீட்டில் அலமாரி இல்லை. ஒன்று செய்து கொடுங்கள், எல்லா வேலையையும் நானே பார்க்கிறேன், பிள்ளை சோதனை எழுதட்டும் என்று கேட்டாள். சரி என்றேன். அலமாரி வந்த பிறகும் இதே கூத்து நடந்தால் பாலாமணி நிற்க வேண்டியதுதான் என்று சேர்த்துச் சொன்னேன். அவள் தலையாட்டினாள்.

பல்லேபொலையிலிருந்து நல்ல முற்றின பலாமரம் கொண்டுவந்து அறுத்தேன். இரண்டு கதவு, மூன்று லாச்சி. கோபக்காரன்தான், ஆனால் வேலையில் குறை வைக்க மாட்டேன். பிணைச்சல் வாங்கப் போன அன்று, மகளை நிறுத்தப் போகிற கதையைப் புஹாரி நானாவிடம் பொருமித் தீர்த்தேன். சோதனை எப்போது என்று மட்டும் கேட்டார். மார்கழியில் என்றேன். அவர் பிணைச்சலைக் கட்டிக் கொடுத்தார்.

அலமாரி முடிந்து மெருகும் போட்டாயிற்று. கைப்பிடிக்கு நான் மனதில் வைத்திருந்தது வெள்ளைப் பீங்கான் குமிழ். கண்டியில் ஒரு பங்களாவில் பார்த்தது, கோலிக்குண்டு அளவில் முத்துப் போல இருந்தது. என் வேலையைப் பார்க்க வருகிறவர்களுக்கு இந்த அலமாரியைத்தான் காட்டப் போகிறேன், ஆகவே அழகாக இருக்க வேண்டும் என்பது என் எண்ணம். புஹாரி நானாவிடம் அதே குமிழ் இருந்தது. டின்னைத் திறந்து காட்டிவிட்டு, வளையல் எங்கே என்று கேட்டார். என்னிடமே இந்தக் கேள்வியா என்று முணுமுணுத்துக்கொண்டு வீட்டுக்குப் போனேன்.

மங்களேஸ்வரி குழாயடியில் நின்றாள். அவளைக் கூப்பிடவில்லை. ஒவ்வொரு வருஷமும் தேர்க் கடையில் அவளுக்கு ஒரு டசின் கண்ணாடி வளையல் வாங்கிக் கொடுப்பது என் வழக்கம், கல்யாணமான நாளிலிருந்து ஒரே அளவு. அவள் பெட்டியைத் திறந்து அந்தப் பச்சை வளையல்களில் ஒன்றை எடுத்துக்கொண்டு வந்தேன்.

புஹாரி நானா அதை மேசையில் வைக்கவில்லை. வெளிச்சத்தில் பிடித்துத் திருப்பிப் பார்த்தார். உள் விளிம்பை விரலால் தடவினார். விரலில் பொன்தூள் ஒட்டியது.

“இது கையேறாத வளையல் பாஸ். அவங்கட கையில கெடக்கிறதக் கழட்டி வாங்கிட்டு வாங்க” என்றார்.

எனக்குச் சுரீர் என்றது. இருபது வருஷமாக வளையல் வாங்குகிறேன், என் பெண்டாட்டி கை அளவு எனக்குத் தெரியாதா என்று சத்தம் போட்டேன். அவர் குமிழ் டின்னை மூடி மேல் தட்டில் வைத்துவிட்டார். ஹாஜியாரையே பார்த்தவர், என் சத்தம் எந்த மூலைக்கு. திட்டிக்கொண்டே திரும்பினேன்.

வீட்டுக்கு வந்து கையிலிருக்கிற வளையலைக் கழற்றிக் கொடு என்றேன். கை ஈரம், பிறகு தருகிறேன் என்றாள். இப்போதே வேண்டும் என்றேன். அவள் கையில் கிடந்தவை இரண்டு பழைய வெள்ளிக் காப்புகள். சவர்க்காரம் போட்டு இழுத்தாள். பெருவிரல் மூட்டு மொழிக்கு இந்தப் பக்கமே நின்றுவிட்டன. இன்னும் கொஞ்சம் இழுத்தாள், முகம் சுருங்கியது. அப்போதுதான் அந்தக் கையைப் பார்த்தேன். ஒவ்வொரு மொழியும் வீங்கி, கை இஞ்சிக் கிழங்கு மாதிரி இருந்தது. விரல்கள் முழுசாக மடங்கவில்லை. வருஷாவருஷம் நான் வாங்கிக் கொடுத்த வளையல்கள் ஏன் பெட்டியிலேயே இருந்தன என்று அன்று தெரிந்தது. மரத்துக்குள் கணு எங்கே இருக்கிறது என்று தடவியே சொல்லுகிறவன் நான். ஒரே வீட்டில் இருந்த கையைப் பார்க்கவில்லை. சீ என்று இருந்தது.

ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன்.

“கை முடியலன்னு தெரிஞ்சா புள்ளய நிறுத்திப்புடுவீங்க. சோதன முடியிற வரைக்கும் எப்படியாச்சும் சமாளிச்சிரலாம்னு இருந்தேன்” என்றாள்.

அந்த நிமிஷமே நிறுத்த மாட்டேன் என்று சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. உண்மையை எழுதுகிறேன், கை இப்படியிருந்தால் இனி மகள் அடுப்படிக்கு வராமல் எப்படி என்றுதான் எனக்கு முதலில் தோன்றியது. அவளும் அதை என் முகத்தில் படித்துவிட்டாள்.

மறுநாள் கடைக்குப் போய், கழற்ற முடியவில்லை என்று மட்டும் சொன்னேன். புஹாரி நானா காதிலிருந்த பென்சிலை எடுத்து மேசையில் வைத்தார். பிறகு, வளையல் வராவிட்டால் கை வரட்டும் என்றார். வெள்ளிக்கிழமை ஜும்ஆத் தொழுகைக்கு முன்னால் கடையில் ஆள் குறைவு, கோயிலுக்கு வருகிற வழியில் கூட்டிக்கொண்டு வாருங்கள் என்றார்.

இரும்புக்கடைக்கா என்று மங்களேஸ்வரி தயங்கினாள். வந்தாள். வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு, கோயிலுக்குள் போகிற மாதிரி ஏறினாள். புஹாரி நானா கடை ஆட்கள் இரண்டு பேரையும் பின்கட்டுக்கு அனுப்பியிருந்தார். மேசைக்கு முன்னால் ஒரு சின்ன அலமாரிக் கதவைச் சட்டத்தோடு நிறுத்தி, அதில் மூன்று பிடி பூட்டியிருந்தார். ஒன்று நான் ஆசைப்பட்ட பீங்கான் குமிழ். அடுத்தது மூன்றரை அங்குலப் பித்தளைப் பிடி. கடைசியாக, பெரிய நெல்லுப் பெட்டிக்குப் போடுகிற ஐந்து அங்குல இரும்புப் பிடி, நாலு விரலும் உள்ளே போய் இன்னும் இடம் மிஞ்சும். நிஜக் கதவு போல் கனம் தெரிய வேண்டும் என்று கதவை இறுக்கிப் பிடிக்கிற கொளுவியும் வைத்திருந்தார். ஒரு பெண்பிள்ளை கடைக்கு வந்து இழுத்துப் பார்ப்பதற்காக அந்த மனிதர் இரண்டு நாள் மினக்கெட்டிருக்கிறார். மூன்றையும் திறந்து பாருங்கள் தங்கச்சி என்று சொல்லிவிட்டு, அவளுக்குக் கூச்சமாக இருக்கக் கூடாது என்று கடைக்கோடிக்குப் போய் முதுகைக் காட்டிக்கொண்டு ஆணி பொறுக்கினார்.

மங்களேஸ்வரி நேரே பீங்கான் குமிழுக்குப் போனாள். மூன்று விரலால் பிடித்து இழுத்தாள். விரல் வழுக்கியது. மறுபடி பிடித்தாள், உதட்டைக் கடித்துக்கொண்டு இழுத்தாள். கதவு திறந்துகொண்டது. அவள் கதவைப் பார்க்கவில்லை, என்னைத்தான் பார்த்தாள். கண் ஓரத்தில் தண்ணீர் நின்றது.

“நல்லா தெறக்குது. இதே போதும்” என்றாள்.

பெரிய பிடியைத் தொட்டால் கை போய்விட்டது என்று ஒப்புக்கொண்ட மாதிரி. ஒப்புக்கொண்டால் மகளின் படிப்பு அன்றோடு சரி. அதனால் அந்தக் குமிழை விட மாட்டேன் என்று நின்றாள்.

“தங்கச்சி, இங்க சோதன எழுதுறது நீங்க இல்ல, கைப்பிடிதான்” என்று புஹாரி நானா திரும்பாமலே சொன்னார்.

அவள் குமிழிலிருந்து கையை எடுக்கவில்லை. இதே போதும் என்று இன்னொரு தடவை சொன்னாள். புஹாரி நானா ஆணியைக் கீழே போட்டுவிட்டுத் திரும்பினார். அவளைப் பார்க்கவில்லை, என்னைப் பார்த்தார். பதினொரு வருஷத்தில் ஆயிரம் கேள்வி கேட்டவர் அன்று ஒன்றும் கேட்கவில்லை. பேச வேண்டியவன் நான் என்று அவருக்குத் தெரிந்திருந்தது.

“பாலாமணிய நிறுத்தல” என்றேன். “கை எப்படி இருந்தாலும் நிறுத்தல. தேங்காய நான் திருவுறேன், மொளகாய நான் அரைக்கிறேன். நீ ஒனக்கு எது வேணுமோ அத எடு.”

இரும்புக்கடையில் நின்று பெண்டாட்டியிடம் தேங்காய் திருவுவதாகச் சத்தியம் செய்தவன் மாத்தளையில் நான் ஒருவனாகத்தான் இருப்பேன். மங்களேஸ்வரி கொஞ்ச நேரம் என் முகத்தையே பார்த்தாள். நான் விளையாட்டுக்குச் சொல்லவில்லை என்று உறுதியான பிறகுதான் குமிழை விட்டாள். இரும்புப் பிடிக்குள் நாலு விரலையும் கொடுத்து, விரலை மடக்காமலே மணிக்கட்டால் இழுத்தாள். கதவு சத்தமில்லாமல் திறந்தது. மூடினாள், மறுபடி திறந்தாள். மூன்றாம் தடவை சிரித்துவிட்டாள்.

“பெரிசே குடுங்க நானா” என்றாள்.

ஐந்து இரும்புப் பிடி பூட்டினேன். கதவின் இறுக்கமான கொளுவியை எடுத்துவிட்டு இலேசான மரக்கட்டை போடச் சொன்னதும் புஹாரி நானாதான். பார்க்க வந்தவர்கள் சிரித்தார்கள், குசினி அலமாரியா அரிசி மூட்டை அடுக்குகிற கிட்டங்கியா என்று கேட்டார்கள். முன்பென்றால் மானம் போயிற்று என்று பிடுங்கி எறிந்திருப்பேன். இப்போது, திறந்து பார்த்துவிட்டுப் பேசுங்கள் என்றேன். என் தேங்காய்ப் பூ கட்டி கட்டியாக இருக்கும், அம்மாவும் மகளும் முகத்தைத் திருப்பிக்கொண்டு சிரிப்பார்கள். பாலாமணி மார்கழியில் சோதனை எழுதினாள். தேறிவிட்டாள் என்று செய்தி வந்த அன்று கடைக்கு ஓடினேன். அல்ஹம்துலில்லாஹ் என்று என் கையைப் பிடித்தார் புஹாரி நானா. பிடித்த கையை விடாமலே கேட்டார், பிடியில் துணி கட்டியிருக்கிறதா என்று.

மூன்று பிடி பூட்டிய அந்தக் கதவை அவர் கடையிலிருந்து எடுக்கவே இல்லை. வெள்ளிக்கிழமை ஜும்ஆவுக்கு முன்னால் ஒன்றிரண்டு பெண்கள் வந்து இழுத்துப் பார்க்கத் தொடங்கினார்கள். ஹாஜியாரின் வீட்டுக்காரியும் வந்ததாகக் கேள்வி. புஹாரி நானா முதுகைக் காட்டிக்கொண்டு ஆணி பொறுக்குவார்.

1973இல் அவருக்கு நெஞ்சு வருத்தம் வந்து படுக்கையில் இருந்தார். நானும் பாலாமணியும் பார்க்கப் போனோம். அவள் அப்போது பல்லேபொலைப் பக்கம் ஒரு பள்ளிக்கூடத்தில் படிப்பித்துக்கொண்டிருந்தாள். மூச்சு வாங்கிக்கொண்டே அதே கேள்வியைக் கேட்டார். இல்லை மாமா, அம்மா இன்னும் வெறும் கையால்தான் திறக்கிறார்கள் என்று பாலாமணி சொன்னாள். அப்ப சரி என்றார். பத்தாம் நாள் மௌத்தானார்.

மையத்தை அடக்கம் செய்துவிட்டுத் திரும்பி வந்த அன்று மகள் கேட்டாள், ஏன் அப்பா அவர் பார்க்கும்போதெல்லாம் துணியைப் பற்றியே கேட்டார் என்று. ஒன்பது வருஷமாக நாங்கள் அவளிடம் மறைத்ததை அன்றுதான் சொன்னேன், அவளை நிறுத்த இருந்ததையும் சேர்த்து. அவள் எழுந்து குசினிக்குள் போனாள். எட்டிப் பார்த்தேன். அலமாரிக்கு முன்னால் நின்று அந்த இரும்புப் பிடிக்குள் தன் நாலு விரலையும் விட்டுப் பிடித்துக்கொண்டிருந்தாள். இன்னும் இரண்டு விரலுக்கு உள்ளே இடம் இருந்தது. வெகுநேரம் கழித்து வெளியே வந்து, தன் பள்ளிக்கூடப் பையிலிருந்து எழுதாத ஒரு புதுக் கொப்பியை எடுத்து என் மடியில் வைத்தாள்.

“எழுதி வைங்கப்பா. நிறுத்த இருந்ததையும் விடாம எழுதுங்க” என்றாள். எழுதிவிட்டேன்.